ஒரே எழுத்து: உப்பா, ஏற்றமா, அழுக்கா? (வாசகர் கேள்வி – பதில்)

இத்தாலியப் பாடத்தில் எஸ்-ஏ-எல்-இ என்ற நான்கெழுத்துச் சொல் ஓரிடத்தில் ‘உப்பு’, இன்னோரிடத்தில் ‘ஏறுகிறான்’, வேறோரிடத்தில் ‘கூடங்கள்’ என்று வருகிறது. உச்சரிப்பும் ஒன்றேதான். எப்படிப் பிரித்தறிவது?
– வாசகி, திருச்சி

முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள். ‘இல் ஸாலெ’ என்றால் உப்பு. ‘இல்’ ஆண்பால் ஒருமைக்கான ஆர்ட்டிகிள் (ஆங்கில ‘தி’ போன்றது). ‘லெ ஸாலெ’ என்றால் கூடங்கள். ‘ஸாலா’ என்ற பெண்பால் சொல்லின் பன்மை. எழுவாய்க்குப் பின் ஆர்ட்டிகிள் இல்லாமல் நின்றால் வினை: ஏறுகிறான், ஏறுகிறது. ‘இல் ப்ரெட்ஸோ தெல் ஸாலெ ஸாலெ’ (உப்பு விலை ஏறுகிறது) என்பது இலக்கணப் பிழை இல்லாத வாக்கியம். படி ஏறு, பாடம் படி, நாலு படி நெல் என்று நாம் தடுமாறாமல் பேசுகிறோமே, அப்படித்தான்.

பிழை நேர்வது வேறிடத்தில். இந்த வினையின் தன்மை ஒருமை ‘ஸால்கோ’. விதியை நம்பி ‘ஸாலோ’ என்றால் ‘உப்புப் போடுகிறேன்’ என்றாகிவிடும். அது ‘ஸலாரெ’ என்ற வேறு வினை. முன்னிலை ஒருமையில் இரண்டு வினைக்கும் ‘ஸாலி’தான், அங்கே சூழல்தான் கைகொடுக்கும். இறந்தகாலத்திலும் கவனம் தேவை: வெறுமனே ஏறினேன் என்றால் ‘ஸோனோ ஸலீதோ’. செயப்படுபொருள் வந்தால் துணைவினை மாறும்: ‘ஓ ஸலீதோ லெ ஸ்காலெ’, படிகளை ஏறினேன்.

இத்தாலியம் தெரிந்தால் ஸ்பானியம் சுலபம் என்கிறார்கள். இந்தச் சொல்லும் அப்படியே செல்லுமா?
– வாசகர், கோவை

செல்லாது. ஸ்பானியத்தில் ‘ஸலெ’ என்றால் வெளியே போகிறான். ஏறுவதற்கு ‘ஸுபிர்’ என்ற வேறு வினை. இத்தாலியத்தின் ‘ஸலீதா’ ஏற்றமான பாதை. ஸ்பானியத்தின் ‘ஸலிதா’ வெளியேறும் வழி. உப்பு இங்கே ‘லா ஸல்’, அதுவும் பெண்பால். மெக்சிகோவில் ‘ஸலெ’ என்றால் ‘சரி, ஆகட்டும்’ என்றும் பொருள். ‘¿ஸலெ?’ என்று கேட்டால், ‘ஸலெ’ என்றே பதில் வரும்.

ஒரு வேடிக்கை. ‘வெளியே போ’ என்ற ஏவலும் ‘ஸல்’தான். ‘அவனை எதிர்கொள்ளப் போ’ என்று சொல்ல, அதோடு ‘அவனை, அவனுக்கு’ என்ற ‘லெ’ ஒட்ட வேண்டும். ஒட்டுச்சொல்லைச் சேர்த்தே எழுதுவது விதி. சேர்த்தால் இரண்டு எல் அடுத்தடுத்து வரும்; ஸ்பானியத்தில் அது ‘ய’ ஒலி என்பதால் ‘ஸயெ’ என்று வாசிக்கப்படும். வாயால் சொல்லலாம், எழுத வழியில்லை என்பதே ஸ்பானிய மொழி விதிகளை வகுக்கும் ஸ்பானிய அரச அகாதெமியின் முடிவு. எழுதுகிறவர்கள் ‘நீ அவனை எதிர்கொள்ளப் போக வேண்டும்’ என்று வாக்கியத்தை மாற்றித் தப்பிக்கிறார்கள்.

பிரெஞ்சில் இதே எழுத்து ‘அழுக்கு’ என்று படித்தேன். ஆனால் மோசமான வானிலைக்கும் அதையே சொல்கிறார்களே?
– வாசகர், புதுச்சேரி

பிரெஞ்சில் கடைசி எழுத்து ஒலிக்காது: ‘ஸல்’. பொருள் அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது. பெயர்ச்சொல்லுக்குப் பின் நின்றால் உண்மையான அழுக்கு: ‘ஷ்மீஸ் ஸல்’, அழுக்குச் சட்டை. முன்னால் நின்றால் பெரும்பாலும் வெறுப்பு: ‘ஸல் தாங்’ (மோசமான வானிலை), ‘ஸல் அஃபேர்’ (கேடுகெட்ட விவகாரம்). கூடத்துக்கான சொல்லில் இரண்டு எல் உண்டு. ஒலி மட்டும் அதேதான்.

உணவகத்தில்தான் இது காலை வாரும். உப்புக் கரிக்கிறது என்பதற்கு ‘செ த்ரோ ஸலே’. கடைசி ‘ஏ’ தெளிவாக விழ வேண்டும். அதை விழுங்கி ‘ஸல்’ என்றால், பரிமாறுபவர் முகத்துக்கு நேராக ‘ரொம்ப அழுக்கு’ என்று சொன்னதாகும். எழுதும்போது ‘இ’ எழுத்தின் மேலுள்ள சாய்கோட்டை விட்டாலும் இதே கதிதான். ‘லோ ஸலே’ உப்பு நீர், ‘லோ ஸல்’ அழுக்கு நீர். ‘உப்புப் போடுகிறான்’ என்பதோ ‘இல் ஸல்’; எழுத்திலும் ஒலியிலும் அழுக்கேதான். ஆனால் உப்பு என்ற பெயர்ச்சொல் ‘ஸெல்’, ஆண்பால்.

இவை எல்லாம் ஒரே வேரா? கடை வாசலில் தொங்கும் ‘சேல்’ பலகையும் இதில் சேர்த்தியா?
– வாசகி, சேலம்

இல்லை. உப்பு லத்தீனின் ‘ஸால்’. ஏறுவதும் வெளியேறுவதும் லத்தீனில் ‘துள்ளு’ என்ற பொருள்கொண்ட ‘ஸலீரெ’யின் வாரிசுகள். கூடமும் பிரெஞ்சு அழுக்கும் ஜெர்மானியச் சொற்கள்; ஆனால் தமக்குள் உறவில்லை. ஆங்கில ‘சேல்’ பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. லத்தீனின் இன்னொரு வாரிசான ருமேனியத்தில் இரண்டு உயிரெழுத்துகளுக்கிடையே வந்த ‘ல்’ பல சொற்களில் ‘ர்’ ஆயிற்று. அதனால் அங்கே உப்பும் ‘ஸாரெ’, குதிக்கிறான் என்பதும் ‘ஸாரெ’. நீங்கள் கேட்ட எழுத்து வடிவமும் அங்கே உண்டு, உடைமைச் சொல்லாக: ‘கர்ட்ஸிலெ ஸாலெ’ என்றால் அவனுடைய (அல்லது அவளுடைய) புத்தகங்கள். பெண்பால் பன்மை என்பதால் ‘ஸாலெ’. ஒரு புத்தகம் என்றால் வெறும் ‘ஸா’.