படுக்கைவாட்டில் ஒரு நோட்டீஸ்

கேள்வி: எங்கள் ரப்பர் தோட்டத்தில் தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறோம். தேன் விற்பனைக்காகக் கான்வா என்ற இணைய வடிவமைப்புச் செயலியில் ஒரு நோட்டீஸ் வடிவமைத்தேன். மரங்களுக்கிடையே பெட்டிகள் வரிசையாக நிற்கும் படம் முழுதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, நிமிர்ந்த மாதிரி ஒன்றைப் படுக்கைவாட்டுக்கு மாற்ற முயன்றேன். எல்லாம் இடம் மாறிப்போயின. ஒருவழியாக முடித்து அச்சகத்தில் கொடுத்தால், ‘தேன்’ என்ற சொல்லில் கொம்பு தனியே நிற்கிறது. ஓரத்தில் வெள்ளைக் கோடும் தெரிகிறது. எங்கே தவறினேன்?
- வாசகி, குலசேகரம்

பதில்: தாளின் அளவை முடிவு செய்யாமல் மாதிரியைத் தேர்ந்தெடுத்ததில்தான் தவறு தொடங்கியது. ஒரே சொடுக்கில் அளவை மாற்றும் வசதி கட்டணக் கணக்குக்கு உரியது; அதைப் பயன்படுத்தினாலும் படத்தையும் எழுத்தையும் மறுபடி கையால்தான் ஒழுங்குபடுத்த வேண்டியிருக்கும். எனவே பழையதைத் திருத்திக்கொண்டிராமல், விருப்ப அளவில் புதிய பக்கம் ஒன்றைத் திறந்து, அகலத்தைப் பெரிதாகவும் உயரத்தைச் சிறிதாகவும் கொடுங்கள். ஏ5 தாள் என்றால் 210 × 148 மில்லிமீட்டர். அச்சகத்தார் ‘எட்டில் ஒன்று டெம்மி’ (டெம்மி என்ற பெரிய தாளில் எட்டில் ஒரு பங்கு) என்று சொன்னால் அது ஏறத்தாழ எட்டரைக்கு ஐந்தரை அங்குலம். இரண்டும் ஒன்றுதானே என்று விட்டுவிட்டால், உங்கள் பெட்டிகளின் கால்கள் வெட்டுக்கத்திக்குப் போய்விடும்.

படுக்கைவாட்டுத் தாளில் பலரும் செய்யும் பிழை, வாசகத்தை ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புவரை ஒரே வரியாக ஓடவிடுவது. அப்படி ஓடினால், கண் அடுத்த வரியின் தொடக்கத்தைத் தேடித் தடுமாறும். இடப்புறம் மூன்றில் இரண்டு பங்கைப் படத்துக்கு விட்டுவிட்டு, எஞ்சிய இடத்தில் பெயர், விலை, தொலைபேசி எண் ஆகியவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள். எல்லோரும் போடுகிற ‘சுத்தமான தேன்’ என்ற வரி உங்களுக்கு எதற்கு? ரப்பர்த் தேன் பூவிலிருந்து வருவதன்று, மரம் இலையுதிர்த்துத் தளிர்க்கும்போது இளங்காம்பில் சுரக்கும் மதுவிலிருந்து வருவது என்பதை நம் மாவட்டத்திலேயே பலர் அறியார். அதை எழுதினால் வாங்குபவர் நின்று படிப்பார்.

கொம்பு பிரிந்ததற்குக் காரணம், அச்சகத்தில் உங்கள் பிடிஎஃப் கோப்பை வேறொரு மென்பொருளில் திறந்து, எழுத்தைப் படமாக அன்றித் திருத்தக்கூடிய எழுத்தாகவே எடுத்திருப்பார்கள் என்பதாக இருக்கலாம். பதிவிறக்கும்போது ‘அச்சுக்கான பிடிஎஃப்’ என்பதைத் தேர்ந்து, கோப்பைத் தட்டையாக்கும் வசதியையும் குறியிட்டுவிட்டால், எழுத்துகள் படமாகவே போகும், கொம்பு நகராது. ஆனால் அதன்பின் அச்சகத்தில் விலையைக்கூடத் திருத்த முடியாது என்பதால், அனுப்புவதற்கு முன் ஒருமுறைக்கு இருமுறை படித்துவிடுங்கள். பழைய நோட்டீசின் வாசகத்தை அச்சகத்திலிருந்து வாங்கி ஒட்டும்போது ஆங்கில எழுத்துகளாகச் சிதறினால், அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டது என்று பொருள். இன்று எல்லாக் கருவிகளும் படிக்கும் பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்ட வேண்டும்.

வெள்ளைக் கோட்டுக்குத் தீர்வு எளிது. படத்தைப் பக்கத்தின் எல்லையோடு நிறுத்தாமல் நான்கு புறமும் 3 மில்லிமீட்டர் வெளியே இழுத்துவிட்டு, தாளை வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டும் வெட்டுக்குறிகளுடன் பதிவிறக்குங்கள். எழுத்துகள் விளிம்பிலிருந்து அரை சென்டிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். திரையில் பளிச்சிடும் தளிர்ப்பச்சை அச்சில் சற்று மங்கும் என்பதால், ஆயிரம் பிரதிக்குச் சொல்லுமுன் ஒரு பிரதியை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் அனுப்பிய நோட்டீஸ், அச்சில் புள்ளி புள்ளியாக வந்தது ஏன்?
- வாசகர், தக்கலை

பதில்: புகைப்படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள்.