இடது கையில் நாடி இல்லை, பக்கத்து வீட்டுப் பையனுக்கும் இதே நோயா?

கேள்வி: எனக்கு வயது 28. துணி காயப்போட இடது கையைத் தூக்கினால் ஒரே நிமிடத்தில் கை ஓய்ந்துவிடுகிறது. பி.பி. பார்த்த நர்ஸ், இடது கையில் நாடியே கிடைக்கவில்லை, வலது கையில் சரியாக இருக்கிறது என்றார். ஸ்கேன் எடுத்து, ரத்தக்குழாய் அழற்சி, 'டக்கயாசு' வகை என்று சொல்லி ஸ்டீராய்டும், வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்ஸேட்டும் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பையனுக்கும் ரத்தக்குழாய் அழற்சிதானாம், சில வாரங்களில் தானாகச் சரியாகிவிட்டது. எனக்கு மட்டும் ஏன் வருடக்கணக்கில் மருந்து? குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பதில்: பையனுக்குக் காலில் சிவப்புப் புள்ளிகள், வயிற்றுவலி, மூட்டுவலி என்று வந்திருக்கும் என்று நினைக்கிறேன். சிறுவர்களுக்குச் சளி, தொண்டைவலிக்குப் பிறகு வருகிற ஐ.ஜி.ஏ. வாஸ்குலைட்டிஸ் என்ற ரத்தக்குழாய் அழற்சி அப்படித்தான் இருக்கும். பெரும்பாலும் தானே அடங்கிவிடும். ஆனால் புள்ளி மறைந்த பிறகும் சில மாதங்களுக்கு அவனுடைய சிறுநீரையும் பி.பி.யையும் அவ்வப்போது பார்க்கவேண்டும். சிறுநீரகம் சத்தமில்லாமல் பாதிக்கப்படலாம். அவன் அம்மாவிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

இரண்டுக்கும் ஒரே பெயர் இருப்பதுதான் உங்களைக் குழப்புகிறது. ரத்தக்குழாய் அழற்சி என்பது ஒரு குடும்பப் பெயர் மாதிரி. எந்த அளவுள்ள குழாயில் வந்திருக்கிறது என்பதைப் பொறுத்து ஆளே மாறிவிடும். பையனுக்கு வந்தது மயிரிழை போன்ற சின்னக் குழாய்களில். அதே சின்னக் குழாய் வகையில், பெரியவர்களுக்கு நுரையீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துத் தாக்குகிற, அவசரமாகச் சிகிச்சை தரவேண்டிய 'ஆன்கா' (ரத்தத்தில் காணப்படும் ஒருவகை எதிர்ப்பொருள்) வகைகளும் உண்டு. குழந்தைகளுக்கு வரும் கவாசாகி நோய் நடுத்தரக் குழாய்களில், குறிப்பாக இதயத்துக்கு ரத்தம் தரும் குழாய்களில் வரும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாகத் தலைவலி, மென்றால் தாடை வலி, பார்வை மங்கல் என்றால் அது இதே குடும்பத்தின் இன்னொரு வகையான ஜயன்ட் செல் ஆர்ட்டிரைட்டிஸாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் போகவேண்டும், தாமதித்தால் கண் போய்விடும்.

உங்களுக்கு வந்திருப்பது இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயான மகாதமனியிலும் அதன் பெரிய கிளைகளிலும். ஜப்பானியக் கண் மருத்துவர் மிகிடோ டக்கயாசு 1908இல் ஓர் இளம்பெண்ணின் விழித்திரை ரத்தக்குழாய்களில் கண்ட மாற்றத்தை அறிவித்தார். அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. பெரும்பாலும் நாற்பது வயதுக்குட்பட்ட பெண்களுக்கு வரும், ஆசியாவில் கொஞ்சம் அதிகம். குழாயின் சுவர் வீங்கித் தடித்து, உள்வழி குறுகிவிடுகிறது. சும்மா இருக்கும்போது கைக்குப் போகிற ரத்தம் போதும். தூக்கி வேலை செய்தால் போதாது. உங்கள் கை ஓய்வது அதனால்தான். உடம்புச் சூட்டாலோ நீங்கள் சாப்பிட்ட எதனாலோ வந்ததல்ல.

மகாதமனியில் சதை எடுத்துப் பரிசோதிக்க முடியாது என்பதால், டாப்ளர், சி.டி. அல்லது எம்.ஆர். ஆஞ்சியோகிராம் என்ற ரத்தக்குழாய் ஸ்கேன்களை வைத்துத்தான் முடிவுசெய்கிறோம். இங்கே ஒரு எச்சரிக்கை. அழற்சியைக் காட்டும் ரத்தப் பரிசோதனைகளான இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. நார்மல் என்று வந்தால் நோய் அடங்கிவிட்டது என்று நினைத்து மாத்திரையை விட்டுவிடுபவர்களை நிறையப் பார்க்கிறேன். இந்த நோய் நார்மல் ரிப்போர்ட்டுக்குப் பின்னாலும் குழாயை அரித்துக்கொண்டே இருக்கக்கூடும். அதனால்தான் ஸ்கேனைத் திரும்ப எடுக்கச் சொல்கிறோம், செலவு வைப்பதற்காக அல்ல.

ஸ்டீராய்டு நெருப்பை அணைக்கும். மெல்ல மெல்லக் குறைப்பார்கள். நீங்களாக ஒரேயடியாக நிறுத்தினால் மயக்கம், பி.பி. இறக்கம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். மெத்தோட்ரெக்ஸேட், ஸ்டீராய்டைக் குறைக்க உதவுகிற துணை. அதை வாரத்தில் ஒரே நாள்தான் போடவேண்டும். தவறித் தினமும் போட்டு ரத்த அணுக்கள் குறைந்து வந்தவர்களும் உண்டு. காலண்டரில் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். இவை போதாவிட்டால் அழற்சியை அடக்கும் டோசிலிசுமாப் போன்ற ஊசிகள் இருக்கின்றன. நம் ஊரில் அதற்கு முன் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று கட்டாயம் பார்க்கவேண்டும். அடைப்புக்கு, குழாயை விரித்துவைக்கும் ஸ்டென்ட் வைக்கலாமா என்று உறவினர்கள் கேட்பார்கள். அழற்சி கொதிக்கும்போது வைத்தால் மறுபடி அடைத்துக்கொள்ளும். அவசரம் இல்லையென்றால் அடங்கிய பிறகு யோசிக்கலாம்.

சரி, குழந்தை. பெற்றுக்கொள்ளலாம், ஆனால் திட்டமிட்டு. மெத்தோட்ரெக்ஸேட் கருவைப் பாதிக்கும், ஆகவே இப்போதைக்குக் கருத்தடை அவசியம். நோய் குறைந்தது ஆறு மாதம் அமைதியாக இருந்து, கருவுறுவதற்கு ஒன்று முதல் மூன்று மாதம் முன்பே அந்த மருந்தை நிறுத்தி, அசத்தியோபிரின் போன்ற ஒன்றுக்கு மாறலாம். இதை உங்கள் ருமட்டாலஜிஸ்ட் (மூட்டு, அழற்சி நோய்களுக்கான மருத்துவர்) செய்யவேண்டும், நீங்களாக வேண்டாம். அதற்கு முன் சிறுநீரகத்துக்குப் போகும் குழாய் குறுகியிருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அது குறுகினால் பி.பி. எகிறும், கர்ப்பத்தில் பெரிய தொல்லை அதுதான்.

அப்புறம், எந்த மருத்துவமனைக்குப் போனாலும், பிரசவ வார்டு உட்பட, வலது கையில்தான் பி.பி. பார்க்கவேண்டும் என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். இடது கையில் பார்த்தால் குறைவாகக் காட்டும், உண்மையான உயர் ரத்த அழுத்தம் யாருக்கும் தெரியாமலே போய்விடும்.