பதில்: ஒரு தடவை அமுக்கினா மூணு தடவை குதிக்குது

மூளை முடக்குவாதம் உள்ள உங்க பாப்பா, கம்ப்யூட்டர் விளையாட்டுக்கான பெரிய பட்டன் சுவிட்சை ஒரு தடவை அமுக்கினா மூணு தடவை குதிக்குதுன்னு கேட்டிருந்தீங்க. உடனே சுவிட்சை மாத்த வேண்டாம். விண்டோஸ் கன்ட்ரோல் பேனல்ல ஈஸ் ஆஃப் ஆக்ஸஸ், கீபோர்டு, ஃபில்டர் கீஸ்னு உள்ள போய் "பவுன்ஸ் கீஸ்" போடுங்க. அதே கீ கொஞ்ச நேரத்துக்குள்ள மறுபடி பட்டா, அதைக் கண்டுக்காம விடுற வசதி இது. முதல்ல 0.5 விநாடி, போதலேன்னா 0.7. பக்கத்துலயே இருக்கிற ஸ்லோ கீஸைத் தொடாதீங்க. பாப்பா லேசா, சட்டுனு அமுக்குறது எதுவுமே பதிவாகாமப் போயிடும்.

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகள் பலருக்கு அமுக்குறதைவிட விடுறதுதான் கஷ்டம். கை நடுங்கி மேலே வரும்போது பட்டன் மறுபடி மறுபடி படுது. நீங்க சொன்ன வளவு (வீட்டு உள்முற்றம்), வழவழப்பான ஆத்தங்குடிக் கல் தரை: அதுல சுவிட்ச் வெச்ச பலகை வழுக்கும், கை அதைத் துரத்தும், நடுக்கம் கூடும். பலகைக்கு அடியில ரப்பர் பாய் போடுங்க, சுவிட்சை வெல்க்ரோவால ஒட்டுங்க. இதுவே பாதி வேலையை முடிச்சிடும்.

பவுன்ஸ் கீஸ் போடுறதுக்கு முன்னால ஒண்ணு பாருங்க. சுவிட்ச் பெட்டியை (சுவிட்சைக் கம்ப்யூட்டரோட இணைக்கிற பெட்டி) 'a' எழுத்துக்கு மாத்தி, நோட்பேடைத் திறந்து, நீங்களே 20 தடவை அமுக்குங்க. சரியா 20 வந்தா சுவிட்ச் நல்லது. கூட வந்தா உள்ளே ஒயர் தளர்ந்திருக்கும், இல்லேன்னா தொடுமுனை கெட்டிருக்கும். அப்புறம் பாப்பாவை 10 தடவை அமுக்கவிட்டு எண்ணுங்க. சுவிட்ச் நல்லா இருந்தும் இதுல கூட வந்தா, பவுன்ஸ் கீஸ் போடுங்க.

பெட்டி மவுஸ் கிளிக்காவோ கேம்பேடாவோ அனுப்பினா பவுன்ஸ் கீஸ் வேலை செய்யாது. கீபோர்டு மோடுல இருக்கணும். அடுத்தடுத்து ரெண்டு தடவை அமுக்க வேண்டிய விளையாட்டுல இரண்டாவது அமுக்கு விழாது. அப்படிப்பட்டதை இப்போதைக்குத் தள்ளி வைங்க.