யமஹா ஆர்எக்ஸ்100 பைக்கோட கார்ப்புல (கார்புரேட்டர், பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு விடுறது) டவுட்டா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

தேனி: அண்ணே, வண்டி ஆறு மாசம் சும்மா நின்னுச்சு. இப்ப சோக் போட்டா ஓடுது, சோக்க எடுத்தா ஆஃப். மெக்கானிக் பிஸ்டன் ரிங் போச்சுங்கிறார்.

ரிங்க தொட விடாதீங்க தம்பி. ரிங் போயிருந்தா கிக்கர் லூசா இறங்கும், சோக் கூடுதலா பெட்ரோல் விடும், அது இருந்தா மட்டும் ஓடுதுன்னா ஸ்லோவுக்கு பெட்ரோல் பத்தலன்னு அர்த்தம், ஸ்லோவுக்கு பெட்ரோல் விடுறது பைலட் ஜெட்டோட வேலை. நிக்குற வண்டில பவுல்ல (கார்ப்புக்கு அடியில இருக்குற கிண்ணம்) கெடக்குற பெட்ரோல் ஆவியாகி பிசின் மாதிரி ஒட்டிக்கும், இருக்குறதுலயே சின்ன ஓட்டை பைலட் ஜெட்டுதான், அதான் மொதல்ல அடைக்கும். டேங்குக்கு கீழ இருக்குற பெட்ரோல் காக்க (டேப்) மூடி கார்ப்ப இறக்குங்க, பவுல கழட்டுனா நடுவுல நிக்குறது மெயின் ஜெட், பக்கத்துல குழிக்குள்ள இருக்குறது பைலட். சரியான சைஸ் ஸ்க்ரூடிரைவர் போடுங்க, பித்தளை, தலை பிஞ்சா அப்புறம் அழ வேண்டியதுதான். கார்ப் க்ளீனர் அடிச்சு ஊற விட்டு கம்ப்ரசர் காத்து பிடிங்க, வெளிச்சத்துக்கு நேரா பாத்தா ஓட்டை முழு வட்டமா தெரியணும். ஊசி, கம்பி, ஊக்கு எதையும் உள்ள விடாதீங்க. ஓட்டை லேசா பெருசானாலும் அந்த ஜெட் குப்பைதான்.

ஈரோடு: ஏர் ஸ்க்ரூ எத்தன சுத்து?

மெதுவா உள்ள, உக்கார்ற வரைக்கும் மட்டும், முறுக்கிடாதீங்க. அங்கிருந்து ஒன்றரை சுத்து வெளிய எடுத்துட்டு, வண்டிய நாலு கிலோமீட்டர் ஓட்டி சூடாக்கிட்டு, கால் கால் சுத்தா திருப்பி ஐடில் எங்க அதிகமா ஏறுதோ அங்க விடுங்க. அப்புறம் ஸ்லோ ஸ்க்ரூவால இறக்குங்க. வெளிய வந்தா காத்து தூக்கல், உள்ள போனா பெட்ரோல் தூக்கல்.

கரூர்: தப்பா சொல்றீங்க சார். வெளிய திருப்புனாதான் பெட்ரோல் கூடும். நான் பட்டறை வச்சிருக்கேன்.

எந்த வண்டிக்கு?

கரூர்: பல்சர்தான் அதிகமா வருது. கார்ப்னா எல்லாம் ஒன்னுதானே.

அங்கதான் சார் தப்பு. பல்சர்ல அந்த ஸ்க்ரூ இன்ஜின் பக்கம் இருக்கு, அது பெட்ரோல் கலவைய விடுற ஸ்க்ரூ, தெறந்தா ரிச், அதாவது பெட்ரோல் தூக்கல். ஆர்எக்ஸ்ல இருக்குற மிக்குனி விஎம்20ல ஃபில்டர் பக்கம் இருக்கு, காத்த மட்டும் விடும், தெறந்தா லீன், அதாவது காத்து தூக்கல். உங்க வண்டிக்கு நீங்க சொல்றது சரி, ஆர்எக்ஸ்ல அதையே செஞ்சா ரிச் பண்றோம்னு நெனச்சு லீன் பண்ணிட்டு இருப்பீங்க. டூ ஸ்ட்ரோக்ல லீன்னா சூடு, சூடுன்னா சீஸ், பிஸ்டன் சிலிண்டர்லயே இறுகிப் போயிடும்.

நாமக்கல்: நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், என்னோடது ஆயில் பம்ப் கழட்டுன வண்டி, கொல்லிமலை இறங்குறப்ப சீஸ் ஆச்சு. ஏர் ஸ்க்ரூதான் காரணமா?

இல்லீங்க. பம்ப் இல்லாம பெட்ரோல்லயே ஆயில் கலந்து ஓட்டுறீங்க, எழுபது கொண்டை ஊசி வளைவும் த்ராட்டில மூடிக்கிட்டே கியர்ல இறங்குனா இன்ஜின் சுத்துது, பெட்ரோல் கொஞ்சம்தான் போகும், அதுல கலந்த ஆயிலும் அவ்வளவுதான். இறங்கும்போது நடுநடுவுல லேசா முறுக்கி விடணும். இந்த பம்ப்ப எதுக்குத்தான் கழட்டுறாங்களோ, யமஹாக்காரன் வேல இல்லாமயா வச்சான்?

கரூர்: சரி சார், ஆனா பம்ப் கியர் தேஞ்சா சொல்லாம கொள்ளாம போயிடும், அதுக்கு கலந்து ஊத்துறதே நிம்மதி.

அதுல ஞாயம் இருக்கு, ஒத்துக்கறேன். அப்ப லிட்டருக்கு 20 மில்லியாவது அளந்து ஊத்துங்க, கண்ணளவு வேணாம்.

கோவை: ஆக்டிவா 6ஜிக்கு கார்ப் ட்யூனிங் பண்ணா மைலேஜ் கூடுமா?

அதுல கார்ப்பே கெடையாது, பிஎஸ்6 (புகை விதி) வண்டி, இன்ஜெக்‌ஷன். சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனர் போட சொல்லுங்க.

திண்டுக்கல்: ஏர் ஃபில்டர எடுத்துட்டா பிக்கப் கூடுமாமே?

மண்ணு உள்ள போய் சிலிண்டர் போர் தேயுறதும் கூடும்.

விருதுநகர்: பைலட் ஜெட்ல குண்டூசி விட்டா...

மேல தேனிக்கு சொன்னத படிங்க.

ஓசூர்: நிறுத்தி வச்சா பெட்ரோல் ஒழுகுது.

காக்க மூடுங்க மொதல்ல. பவுல்ல மிதக்குற ப்ளோட் பெட்ரோல அடைக்க தள்ளுற நீடில் உக்கார்ற எடத்துல தூசி இருக்கும், இல்ல நீடில் முனை தேஞ்சிருக்கும். ப்ளோட்ட காதுகிட்ட ஆட்டிப் பாருங்க, உள்ள பெட்ரோல் சலசலன்னா ஓட்டை, மாத்திடுங்க.

தஞ்சாவூர்: ஈ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு ஜெட் மாத்தணுமா?

எடுத்ததும் ஜெட் வேணாம். எத்தனால்ல ஆக்சிஜன் இருக்கு, அதனால பழைய செட்டிங் கொஞ்சம் லீன் ஆகும். பிளக்க கழட்டிப் பாருங்க, பிரவுனா இருந்தா விட்டுடுங்க, வெளுத்திருந்தா த்ராட்டில் ஸ்லைடுல தொங்குற நீடிலோட கிளிப்ப ஒரு காடி கீழ போடுங்க, நீடில் மேல ஏறி பெட்ரோல் கூடும். எத்தனால் ஈரத்த இழுக்கும், வாரக்கணக்குல நிறுத்துறதா இருந்தா காக்க மூடிட்டு பவுல காலி பண்ணிடுங்க. பழைய ரப்பர் ட்யூப் ஊறிப் போயிருந்தா அதையும் மாத்திடுங்க.