பூதம் ஏன் அப்பாவை அழைத்து வரவில்லை?

அன்புள்ள ஆலோசகர் அவர்களுக்கு,

என் கணவர் கத்தாரில் கட்டுமான வேலையில் இருக்கிறார். நானும், ஒன்றாம் வகுப்புப் படிக்கும் ஆறு வயது மகனும், மாமியாரும் பட்டுக்கோட்டைக்கு அருகில் வசிக்கிறோம். மாமியார் கதை சொல்வதில் வல்லவர். அவருடைய கதைகளில் வரும் விளக்குப் பூதத்தின் மீது மகனுக்குத் தனிப் பிரியம். அதைக் கேள்விப்பட்ட என் கணவர், இரவில் வாட்ஸ்அப்பில் பேசும்போது குரலை மாற்றிக்கொண்டு பூதமாகவே பேசத் தொடங்கினார். "பால் குடித்தாயா? வீட்டுப்பாடம் எழுதினாயா?" என்று பூதம் கேட்டால் மறுபேச்சே இருக்காது, எனக்கும் அது வசதியாகவே இருந்தது.

பொங்கலுக்கு அப்பாவைக் கூட்டி வரும்படி அவன் பூதத்திடம் கேட்டபோது, "நீ சமர்த்தாக இருந்தால் கூட்டி வருகிறேன்" என்று அவரும் சொல்லிவிட்டார். விடுப்புக் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து, பூஜையறையில் உள்ள பித்தளை விளக்கைத் துணியால் தேய்த்துவிட்டுத்தான் படுக்கிறான். ஒரு நாள் மறந்துபோய், நடு இரவில் எழுந்து சென்று தேய்த்தான். பள்ளியில் பக்கத்துப் பையனின் ரப்பரை எடுத்ததால்தான் பூதம் கோபித்துக்கொண்டது என்று தேம்புகிறான். கதைகளை அடியோடு நிறுத்தச் சொல்கிறார் நாத்தனார். மாமியாரோ மனம் நொந்து கிடக்கிறார். நான் என்ன செய்வது?

ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமியாரிடம் அவர் மீது குற்றமில்லை என்று சொல்லுங்கள். உங்கள் மகனை வாட்டுவது "சமர்த்தாக இருந்தால்" என்ற நிபந்தனைதான். எங்கோ ஒரு நிறுவனம் விடுப்புத் தருவதையும் மறுப்பதையும், இங்கே ஒரு குழந்தை நடந்துகொள்ளும் விதத்தோடு அந்தச் சொல் முடிச்சுப் போட்டுவிட்டது.

ஏறத்தாழ இரண்டு முதல் ஏழு வயது வரை குழந்தைகள் தம்மை மையமாக வைத்தே உலகைப் புரிந்துகொள்கிறார்கள் என்று சுவிட்சர்லாந்து உளவியலாளர் ழான் பியாஜே விளக்கினார். பெற்றோர் சண்டையிட்டாலும், வீட்டில் ஒருவர் நோயுற்றாலும், தான் செய்த ஏதோ ஒன்றுதான் அதற்குக் காரணம் என்று இந்த வயதுக் குழந்தை எளிதில் நம்பிவிடும். அதே சமயம், கற்பனையையும் நிஜத்தையும் பிரித்தறியும் திறன் பியாஜே கருதியதைவிட முன்னதாகவே வந்துவிடுகிறது என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே, பூதத்தின் குரல் அப்பாவுடையதுதான் என்பதை உங்கள் மகன் அரைகுறையாகவேனும் உணர்ந்திருக்கக்கூடும். அப்படியானால் அவனுடைய வேதனை இன்னும் ஆழமானது. கோபித்துக்கொண்டு வராமல் இருப்பவர் அப்பாதான் என்று ஆகிவிடுகிறதல்லவா?

எனவே, இந்த முடிச்சை அப்பாதான், தம் சொந்தக் குரலில் அவிழ்க்க வேண்டும். "லீவு கொடுப்பது எங்கள் மேனேஜர். அவர் கொடுக்கவில்லை, அதனால் வர முடியவில்லை. நீ ரப்பர் எடுத்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. எனக்கும் வர ஆசையாகத்தான் இருந்தது" என்று அவர் சொன்னால் போதும். ரப்பரைத் திருப்பிக் கொடுப்பது தனி விஷயம். அதை இந்தப் பேச்சோடு சேர்க்க வேண்டாம்.

பூதத்தை விரட்டிவிடவும் வேண்டாம். அது மகனுக்கு மட்டுமன்றி, கடல் கடந்து தனியாக இருக்கும் உங்கள் கணவருக்கும் ஒரு துணை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் பால், வீட்டுப்பாடம் பற்றிய விசாரணையை அது இனி விட்டுவிட வேண்டும். அந்த வேலை உங்களிடமே திரும்பட்டும். பூதம் எந்த வாக்குறுதியும் தரக் கூடாது. பூதத்தால் எவையெல்லாம் முடியாது என்பதை மகனே கதையாகச் சொல்லட்டும். இதற்கு உங்கள் மாமியாரைவிடச் சிறந்த துணை கிடைக்காது. ராட்சசனின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும் கதையில்கூட, மந்திரம் எவ்வளவு இருந்தாலும் இளவரசன்தான் அந்தத் தூரத்தைக் கடந்தாக வேண்டும். மந்திரத்துக்கும் எல்லை உண்டு என்பதை அவர் கதைகள் முன்பே அறிந்திருக்கின்றன.

அவன் விளக்கைத் தேய்க்கும்போது திட்டாதீர்கள், நீங்களும் சேர்ந்து தேய்க்காதீர்கள். அப்பா பேசிய பிறகும் சில வாரங்களுக்கு இது தொடர்ந்து தூக்கத்தைக் கெடுத்தாலோ, புதிய சடங்குகள் சேர்ந்தாலோ, பள்ளிக்குப் போக மறுத்தாலோ, குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டுவது அவசியம். 2022-இல் தொடங்கப்பட்ட அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைத்து, தமிழிலேயே வழி கேட்கலாம்.

கத்தார் நேரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. வேலை முடிந்து அவர் அழைக்கும்போது பிள்ளை தூக்கக் கலக்கத்தில் இருப்பான். அதனால் இந்தப் பேச்சை இரவில் வைத்துக்கொள்ளாமல், அவருக்கு வார விடுமுறையான நாளில் பகலில், வீடியோ அழைப்பில் முகம் தெரியும்படி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.