நீல் ஏன் விலகவில்லை? – கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

பாமாலைகள் பற்றிய கட்டுரையில், பழைய கிறிஸ்தவப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த ஜான் மேசன் நீலை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். தேடிப் படித்தேன். ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) குருவானவரான அவருக்கு அவருடைய பிஷப்பே பதினாறு ஆண்டுகள் தடை போட்டிருக்கிறார். அதே திருச்சபையின் குருவானவராக இருந்த நியூமன் 1845இல் கத்தோலிக்கராகிவிட்டார். நீல் மட்டும் ஏன் அங்கேயே கிடந்தார்? துணிச்சல் இல்லையா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

துணிச்சலைப் பற்றிக் கேட்டதால் 1857 நவம்பரில் இங்கிலாந்தின் லூயிஸ் நகரில் நடந்ததை முதலில் சொல்கிறேன். நீல் தொடங்கிய புனித மார்கரெட் சகோதரிகள் சபையினர் ஏழைகளின் வீடுகளுக்கே போய் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவர் ஸ்கார்லெட் காய்ச்சல் என்ற தொற்றுநோயில் இறந்தார். சபைக்கு 400 பவுன் எழுதிவைத்திருந்தார். பணத்துக்காகத்தான் அவரை வேண்டுமென்றே காய்ச்சல்காரரிடம் அனுப்பினார்கள் என்று ஊரில் புரளி கிளம்பியது. அடக்க ஆராதனை முடிந்ததும் கூட்டம் பாய்ந்தது. சகோதரிகளை நெட்டித் தள்ளினார்கள், நீலைக் கீழே வீழ்த்தினார்கள். அதன் பிறகும் அவர் அந்தச் சபையைக் கைவிடவில்லை.

நுரையீரல் நோயால் சேகரப் பணி (ஒரு ஊர்க் கோயிலின் குருவானவர் பணி) பார்க்க முடியாமல், 1846இல் ஈஸ்ட் கிரின்ஸ்டெட்டில் சாக்வில் கல்லூரிக்குக் காப்பாளராக வந்தார். பெயர்தான் கல்லூரி, உண்மையில் ஏழை முதியோர் இல்லம். சம்பளம் ஆண்டுக்கு 30 பவுன்கூட இல்லை. அங்கிருந்த சிற்றாலயத்தின் பலிபீடத்தில் சிலுவையும் மெழுகுவர்த்திகளும் வைத்தார். அதெல்லாம் ரோமன் கத்தோலிக்கச் சடங்கு என்று சிச்செஸ்டர் பிஷப் 1847இல் தன் திருமண்டலத்தில் (பிஷப்பின் ஆளுகைப் பகுதியில்) அவர் குருத்துவப் பணி செய்யத் தடை விதித்தார். தடை முறைப்படி நீங்கியது 1863இல்.

அவரை நிறுத்திவைத்தது அவருடைய படிப்பு என்றே நான் நினைக்கிறேன். அதே 1847இல்தான் கிரேக்க, ரஷ்யக் கிறிஸ்தவர்களின் கீழைத் திருச்சபையைப் பற்றி அவர் எழுதிய வரலாறு அச்சில் வரத் தொடங்கியது. போப்பின் கீழ் இல்லாமலே அப்போஸ்தலர் காலத் தொடர்ச்சியோடு ஒரு திருச்சபை இருக்க முடியும் என்பதற்கு அவர் கண்ட சாட்சி கிரேக்கரும் ரஷ்யரும். அப்படியிருக்க, தன் இங்கிலாந்துத் திருச்சபையை விட்டு ரோமுக்குப் போக அவருக்கு என்ன காரணம் இருந்தது?

அந்தப் படிப்பு அலமாரியில் தூங்கவும் இல்லை. லத்தீன் பாடல்களை மூலத்தின் சீர் மாறாமல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். பழைய மெட்டிலேயே சபையார் பாட வேண்டும் என்பது அவர் பிடிவாதம். எவ்வளவு கடினமான வேலை அது! இன்றும் குருத்தோலை ஞாயிறு பவனியில் பாடப்படும் தியோடல்ஃபின் பாடல் அவர் மொழிபெயர்த்ததுதான். ஆர்லியன்ஸ் பிஷப்பான தியோடல்ஃப் ஒன்பதாம் நூற்றாண்டில் சிறையிலிருந்து அதை எழுதியதாகச் சொல்வார்கள்.

இங்கிலாந்துத் திருச்சபை அவருக்கு உயர்பதவி எதுவும் தரவில்லை. டாக்டர் பட்டம்கூட அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டிலிருந்துதான் வந்தது. 1866 ஆகஸ்ட் 6இல் இறந்தபோது வயது 48. அப்போதும் அதே முதியோர் இல்லத்தின் காப்பாளர்தான்.

படிக்க விரும்பினால், 1862இல் வந்த அவருடைய கீழைத் திருச்சபைப் பாடல் தொகுப்பிலிருந்து தொடங்குங்கள். முன்னுரையை விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்.