கோர் கம்பெனி இன்டர்வியூவில் என்னதான் கேட்கிறார்கள்?

கேள்வி: விருதுநகர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) இறுதியாண்டு படிக்கிறேன். சிஜிபிஏ 7.8. பைத்தான், ஐஓடி, மேட்லேப் சான்றிதழ்கள் வைத்திருக்கிறேன். ஆனாலும் கோர் கம்பெனி, அதாவது படித்த துறையிலேயே வேலை தரும் கம்பெனி, இன்டர்வியூவில் முதல் சுற்றைத் தாண்ட முடியவில்லை. என்ன குறை?

பதில்: சான்றிதழ் வாங்கியதில் தப்பில்லை. ஆனால் எதிரே உட்கார்ந்திருப்பவர் அதைப் பெரும்பாலும் புரட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அவர் கேட்பது முதல் இரண்டு வருடப் பாடம்தான், அதுவும் கணக்கோடு.

ஒரு கேள்வி சொல்கிறேன். 12 வோல்ட் அடாப்டர், அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் 7805 ரெகுலேட்டர், 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுக்கும் சர்க்கியூட். சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க் கிடையாது. ஓடுமா? "7805 ஒரு ஆம்பியர் தாங்குமே சார், ஓடும்" என்பதுதான் வழக்கமாக வரும் பதில். ரெகுலேட்டரில் விழுவது 7 வோல்ட். அரை ஆம்பியரால் பெருக்கினால் 3.5 வாட், அத்தனையும் சூடு. ஹீட் சிங்க் இல்லாத டிஓ-220 பேக்கேஜில் ஒரு வாட்டுக்குச் சுமார் 65 டிகிரி ஏறும் என்று டேட்டாஷீட்டில் இருக்கும். கணக்குப்படி 227 டிகிரி ஏற வேண்டும்; அதற்கு வெகு முன்பே உள்ளிருக்கும் பாதுகாப்பு சர்க்கியூட் நிறுத்திவிடும். ஹீட் சிங்க் போடலாம், இல்லையென்றால் வோல்டேஜை அதிகம் சூடாகாமல் குறைக்கும் பக் கன்வர்ட்டருக்கு மாறலாம் என்று நீங்களாகச் சொன்னால், அடுத்த கேள்வி அங்கிருந்தே பிறக்கும். இதற்குத் தேவைப்பட்டது ஒரு கழித்தல், இரண்டு பெருக்கல், டேட்டாஷீட் படிக்கும் பழக்கம். 1 கிலோ ஓமும் 1 மைக்ரோ ஃபேரடும் சேர்ந்தால் டைம் கான்ஸ்டன்ட் 1 மில்லி செகண்ட் என்று பேனா எடுக்காமல் வர வேண்டும்.

எம்பெடட் (கருவிக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கு புரோகிராம் எழுதும் வேலை) பக்கம் போவதானால் சி மொழிதான் சோறு போடும். ஆர்டுயினோவில் எல்இடி எரிய வைத்தது போதாது. ஒரு ரெஜிஸ்டரில் மற்ற பிட்களைத் தொடாமல் ஒரே பிட்டை மாற்றுவது எப்படி, இன்டரப்ட்டுக்குள் மாறும் வேரியபிளுக்கு 'வோலட்டைல்' எதற்கு, சிப்கள் பேசிக்கொள்ளும் ஐ2சி லைன்களில் புல்-அப் ரெசிஸ்டர் ஏன் என்றெல்லாம் கேட்பார்கள். விஎல்எஸ்ஐ, அதாவது சிப் வடிவமைப்பு என்றால், சர்க்கியூட்டை விவரிக்கும் வெரிலாக் மொழி. செட்டப், ஹோல்டு டைம் (கிளாக் விளிம்புக்கு முன்னும் பின்னும் டேட்டா மாறாமல் இருக்க வேண்டிய நேரம்) தண்ணீர்பட்ட பாடாக இருக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்கு முயன்றால் எஸ்எம்டி லைன் (போர்டின் மேல்பரப்பில் பாகங்களைப் பொருத்தும் வரிசை), ரீஃப்ளோ (சால்டரை அடுப்பில் உருக்கி ஒட்டுவது), சால்டரிங் குறைபாடுகள் பற்றித் தெரிந்துகொண்டு போங்கள்.

நம் கல்லூரிகளில் ஆஸிலாஸ்கோப் பெரும்பாலும் ரெக்கார்டு நோட்டுக்காக மட்டுமே ஆன் செய்யப்படுகிறது. லேப் பொறுப்பாளரிடம் கேட்டுத் தனியாக நேரம் வாங்குங்கள். ட்ரிக்கர் வைக்கவும், புரோபின் சுவிட்சை 1X-க்குப் பதில் 10X-இல் வைத்தால் என்ன மாறுகிறது என்று பார்க்கவும் ஒரு மதியம் போதும். வீட்டில் பழக, சர்க்கியூட்டைக் கணினியில் ஓட்டிப் பார்க்க எல்டிஸ்பைஸ், போர்டு வரைய கிகேட், இரண்டும் இலவசம்.

கடைசியாக, புராஜெக்ட். காசு கொடுத்து வாங்கிய கிட் இரண்டாவது கேள்வியிலேயே காட்டிக்கொடுத்துவிடும். "இந்த 100 நானோ ஃபேரட் கெப்பாசிட்டர் ஐசிக்குப் பக்கத்திலேயே ஏன் இருக்கிறது?" என்றால் கடைக்காரரைக் கூப்பிட முடியாது. ஒரு சின்ன பவர் சப்ளையானாலும் பரவாயில்லை. நீங்களே வரைந்து, சால்டர் செய்து, எங்கே சொதப்பியது, எதை அளந்து கண்டுபிடித்தீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அந்த நோட்டை அடுத்த இன்டர்வியூவுக்கு எடுத்துப் போங்கள்.